அந்த வருஷம் அவல்

சௌந்தரநாயகிக்கு ஒன்றைக் கண்டால் அது என்ன, ஏது என்று கேட்காமல் நகரத் தெரியாது. கல்யாணமாகி செம்மங்குளத்துக்கு வந்த புதிதில், கொல்லைப்பக்கம் ஓடிய வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கக் கரையோடு நடந்தே தலைமதகு வரை போய்விட்டாள். திரும்பி வந்ததும் மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பஞ்சாயத்து ஆபீசுக்கு ரேடியோப் பெட்டி வந்தபோது ஊரே முன்னால் நின்று பாட்டுக் கேட்டது. இவள் ஒருத்திதான் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

"கேள்வி கேக்குறதுக்குன்னே ஒரு வாய் இருந்தா அது இவ வாய்தான்" என்பார் அவள் புருஷன் அய்யாக்கண்ணு. சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

சீர்காழிக்குக் கிழக்கே இருந்த அந்தக் கிராமத்தில் அய்யாக்கண்ணு பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். நிலம் நாகேஸ்வரய்யருடையது. அவர் அதே ஊர் அக்கிரகாரத்தில் குடியிருந்த, சீர்காழிப் பள்ளிக்கூட வாத்தியார். நிலமெல்லாம் விற்றுத் தின்றது போக அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது அந்தப் பத்து மாதான்.

தை மாசம் சம்பா அறுத்துக் களத்துமேட்டு வேலை முடிந்தால் மாசி மகம். பனி விலகி, வெயில் இன்னும் ஏறாத நாட்கள். வயலில் உளுந்து முளைத்திருக்கும். அதற்கு ஆள் வேண்டாம். ஊரே வண்டி கட்டிக்கொண்டு திருமுல்லைவாசல் கடலுக்குப் போகும். சாமிக்குத் தீர்த்தவாரி, சனங்களுக்குக் குளியல், அப்புறம் சவுக்குத் தோப்பு நிழலில் சாப்பாடு. அய்யாக்கண்ணு ஓட்டும் வண்டியில் ஐயர் குடும்பமும், பின்னால் வரும் வண்டியில் சௌந்தரநாயகியும் பிள்ளைகளும் போவார்கள். இரண்டு வண்டியிலும் ஒவ்வொரு தகர டின் இருக்கும். இரண்டிலும் மகத்துப் பொரி.

மகத்துப் பொரி என்று தனியாக ஒரு பலகாரம் கிடையாது. புது நெல்லில் பொரித்த பொரி, வறுத்த மணிலாக்கொட்டை, பொட்டுக்கடலை, பல்லுப் பல்லாக நறுக்கிச் சிவக்க வறுத்த தேங்காய், எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்த கறிவேப்பிலை, மிளகாய் வற்றல், கொஞ்சம் மஞ்சள் தூள். எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கினால் ஆயிற்று. சௌந்தரநாயகி நாலு பல் பூண்டும் தட்டிப் போடுவாள்.

ஐயர் வீட்டு டின்னில் பூண்டு இருக்காது. ஆனால் வேறு ஏதோ ஒன்று இருந்தது. நாகேஸ்வரய்யர் சம்சாரம் காமு, தோப்பு நிழலில் இலைக் கிழிசலில் வைத்துக் கொடுக்கும் அந்த இரண்டு கை பொரியில் ஒரு புளிப்பு, ஒரு காரம், மூக்கில் ஏறுகிற ஒரு வாசனை. அது என்னவென்று சௌந்தரநாயகியால் கண்டுபிடிக்க முடியவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தாள். பொரி சொதசொதவென்று போயிற்று. மாங்காய் வற்றலை இடித்துத் தூவினாள். புளிப்பு வந்தது, வாசனை வரவில்லை. புளியை வெயிலில் காயவைத்துப் பொடி பண்ணப் பார்த்து அம்மியில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். கேட்டுவிடலாம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டாள். இருபது வருஷம் ஓடிவிட்டது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. கழக ஆட்சி வந்தது. கூலி கேட்டு அறுவடைக்கு அறுவடை சண்டை. செங்கொடி ஊன்றாத களம் இல்லை, போலீஸ் வண்டி வராத தை மாசம் இல்லை. உழுகிற குத்தகைதாரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று புதுச் சட்டம் வந்தபோது, சங்கத்து ஆட்கள் வீடு வீடாக வந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். அய்யாக்கண்ணும் கைநாட்டு வைத்தார்.

மறுநாளே நாகேஸ்வரய்யர் அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏன் அய்யாக்கண்ணு, நான் ஒன்னை எப்பவாவது வெளியே போன்னு சொன்னேனா?"

"நீங்க சொல்லலீங்க. நாளைக்கு வேற யாருக்காவது வித்துட்டீங்கன்னா, அவங்க சொல்லுவாங்கல்ல."

"பையன் இன்னும் படிச்சுண்டிருக்கான், ரெண்டு பொண்ணு வேற இருக்கு. இந்த நிலத்தை வெச்சுண்டுதான் அதுகளைக் கரையேத்தணும். ஒன் பேர் ஏறிட்டா எவன் வாங்குவான்?"

அய்யாக்கண்ணு துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஐயர் போய்விட்டார். பிறகு அவர் எதிர்மனு போட்டிருப்பது தெரிந்தது. நிலம் தன் சொந்தச் சாகுபடி, அய்யாக்கண்ணு கூலிக்கு வேலை பார்த்த ஆள் என்று அதில் இருந்தது. அந்த வருஷம் மகத்துக்கு ஐயர் குடும்பம் பஸ்ஸில் போயிற்று.

திருமுல்லைவாசலில் காளியம்மாள் என்று ஒரு மீன்காரப் பெண் இருந்தாள். மகத்துக்கு வருகிறவர்களுக்குத் தன் குடிசையில் நல்ல தண்ணீர் கொடுப்பாள். பதிலுக்கு ஆளுக்கு ஒரு கை பொரி. இரண்டு டின்னும் அறிந்தவள் அவள்தான்.

"ஐயரம்மா அந்தாண்ட ஒக்காந்திருக்காங்க, நீங்க இந்தாண்ட ஒக்காந்திருக்கீங்க. என்ன சங்கதி?"

சௌந்தரநாயகி சொன்னாள். காளியம்மாள் பொரியை மென்றபடி கேட்டுக்கொண்டாள்.

"நிலச் சண்டை எனக்கு என்னா தெரியும், எங்களுக்கு அளந்து வெச்ச கடலா இருக்கு? ஆனா ஒண்ணு. ரெண்டு டின்னுலயும் வாங்கித் தின்னவ சொல்றேன். அவங்களுது ஏதோ எலை. காய் இல்ல, பழம் இல்ல. எலை."

இலை. சௌந்தரநாயகிக்கு அன்று முழுக்க அதே யோசனையாக இருந்தது.

பங்குனியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சீர்காழி தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் ஒரு கோடியில் அய்யாக்கண்ணும் சங்கத்து ஆளும், மறு கோடியில் நாகேஸ்வரய்யரும் வக்கீலும். நடுவில் கிடந்த பெஞ்சில் காமு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பெஞ்சு இல்லை. சௌந்தரநாயகி சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய் அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காமு திரும்பவில்லை.

அரை மணி நேரம் போனது. இனிமேல் இந்த அம்மாவிடம் பேச ஒரு சந்தர்ப்பம் வருமோ வராதோ என்று அவளுக்குத் தோன்றியது. வீம்பு விட்டுப் போயிற்று.

"அம்மா, கோச்சுக்காதீங்க. மகத்துப் பொரியில நீங்க ஒரு எலை போடுவீங்கள்ல, அது என்னா எலைங்க?"

காமு அவளை ஒருமாதிரி பார்த்தாள். கோர்ட்டும் கேசுமாக நிற்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"வேப்பிலைக்கட்டி" என்றாள். அதற்குள் டவாலிச் சேவகர் வந்து இரண்டு தரப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அதிகாரி நடுவயசுக்காரர், நிதானமாகப் பேசினார். குத்தகை நெல் அளந்ததற்கு ரசீது இருக்கிறதா என்று அய்யாக்கண்ணைக் கேட்டார். அந்த ஊரில் யாரும் ரசீது எழுதியதும் இல்லை, கேட்டதும் இல்லை. கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் ஐயர் பெயர்தான் இருந்தது. அய்யாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா, நீங்க எந்த வருஷத்திலேருந்து குத்தகை அளக்குறீங்க?" என்று அதிகாரி சௌந்தரநாயகியைக் கேட்டார்.

"வருஷக் கணக்கு தெரியாதுங்க. மகத்தக் கொண்டு சொல்றேன்."

"சொல்லுங்க."

"நான் கல்யாணமாயி வந்த மொத மகத்துக்கு இவங்க வீட்டுக்குக் குத்தகை நெல்லு நான்தாங்க கூட இருந்து தூத்திக் கொடுத்தேன். அதுல பொரிச்ச பொரியில எள்ளு போட்டிருந்தாங்க. எம் மூத்த பொண்ணு கைப்புள்ளையா இருக்கையில ஒரு மகம். அன்னிக்குக் கடலுல நொரை நொரையா இருந்துச்சு, யாரும் குளிக்கல. அப்புறம் பெரும்புயல் அடிச்ச வருஷங்க. கதிரெல்லாம் சாஞ்சு மொளச்சுப் போச்சு. மிஞ்சினத அளந்தோம். அந்த நெல்லுல பொரிச்ச பொரியத்தான் அம்மா மகத்துக்குக் கொண்டாந்தாங்க."

"பொரி இல்லே" என்றாள் காமு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புயல் வருஷம் பொரி இல்லே. அவல். குத்தகை நெல்லு ஈரமா வந்தது, வாணலியில போட்டா ஒண்ணுகூட வெடிக்கலே. நான்தான் அவலா இடிக்கச் சொன்னேன். நீ மறந்துட்டே சௌந்தரம்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"குத்தகை நெல்லுன்னு சொன்னீங்களாம்மா?"

காமு புருஷனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம். சொன்னேன்" என்றாள்.

குத்தகைதாரராக அய்யாக்கண்ணின் பெயர் பதிவானது. திரும்பி வரும்போது இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில்தான் வரவேண்டியிருந்தது. பெண்கள் பக்கத்தில் இடமிருந்தும் காமு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். அய்யாக்கண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. சௌந்தரநாயகிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள். அந்த அம்மா வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா?

அந்த முள்ளோடுதான் வீட்டுக்கு வந்து வேப்பிலை பறித்தாள். நிழலில் உலர்த்தி, மிளகாயும் உப்பும் வைத்து இடித்து, ஒரு படி பொரியில் கலந்தாள். அய்யாக்கண்ணு ஒரு வாய் போட்டதும் முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

"ஒனக்கு எம்மேல என்ன கோவம்?"

கோழிகூட அந்தப் பொரியைத் தொடவில்லை. வேப்பங்கொழுந்தைப் போட்டுப் பார்த்தாள், வேப்பம்பூவைப் போட்டுப் பார்த்தாள். கசப்புத்தான். ஐயரம்மா தன்னை ஏமாற்றிவிட்டார் என்று முதலில் நினைத்தாள். உள்ளே போய் அப்படி ஒரு உண்மையைச் சொன்னவர் வெளியே வராந்தாவில் ஏன் பொய் சொல்லப்போகிறார்? ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அக்கிரகாரத்துப் பக்கம் போகவும் கூச்சமாக இருந்தது. ஐயர் வீட்டுக் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடந்தது.

அடுத்த மாசி மகத்தன்று நாகேஸ்வரய்யர் கடலில் இறங்கித் தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தார். காமு கரையில் துணிமணிகளைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். சௌந்தரநாயகி தன் டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே போய் மணலில் உட்கார்ந்தாள்.

"வேப்பிலைன்னீங்க. மூணு தடவை போட்டேன். வாயில வைக்க முடியல."

"எதைப் போட்டே?"

"வேப்பிலைதான்."

காமு அவளையே பார்த்தாள். முதலில் உதட்டில்தான் சிரிப்பு வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை.

"அசடே, வேப்பிலைக்கட்டியிலே வேப்பிலையே கிடையாதுடி. நார்த்தை இலை. கூட நாலு எலுமிச்சை இலை, ஓமம், பெருங்காயம், மிளகாய். இடிச்சு உருட்டி வெச்சுக்கறது. அதை உதிர்த்துப் பொரியிலே தூவுவேன்."

"அப்ப ஏங்க அதுக்கு அந்தப் பேரு?"

"எனக்கென்ன தெரியும்? பேர் வெச்சவாளைத்தான் கேக்கணும்."

சௌந்தரநாயகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

"அன்னிக்கு ஆபீஸுல... தெரிஞ்சுதான் சொன்னீங்களா அம்மா?"

காமு பக்கத்தில் கிடந்த துணிகளை மடித்து வைத்தாள்.

"அவல்ன்னது தானா வந்தது. பொரின்னு நீ தப்பாச் சொன்னே, பொறுக்கலே. ஆனா அந்த ஆபீசர் திருப்பிக் கேட்டாரே, அப்போ இல்லேன்னு சொல்லியிருக்கலாம். மாத்திச் சொல்ல வாய் வரலே. ஏன்னு நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன். தெரியலே. இவர் நாலு மாசம் என்னோட பேசலே."

"இப்பப் பேசுறாருங்களா?"

"காப்பி வேணும்ங்கறார், பேப்பர் எங்கேங்கறார். பேசறார்னுதான் வெச்சுக்கணும்."

பேசிக்கொண்டே காமு எதிரில் இருந்த டின்னுக்குள் கையை விட்டாள். ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சௌந்தரநாயகி வீட்டுப் பொரியைத் தொட்டது அன்றுதான். தொட்டபிறகுதான் அது இருவருக்குமே உறைத்தது. காமு நிறுத்தாமல் மென்றாள்.

"பூண்டு" என்றாள். "ஆனா என்னமா மொறுமொறுங்கறது. எங்காத்துது கடல்காத்து பட்டதுமே நமுத்துப் போயிடும். என்ன பண்றே?"

"உப்ப மேல தூவ மாட்டேங்க. உப்புதான் ஈரத்த இழுக்குது. பொரிக்கிறதுக்கு முன்னாடி நெல்லுல உப்புத்தண்ணி பெசறிக் காய வெச்சுருவேன். அப்புறம் மணல்ல வறுப்பேன்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லுவா. உப்புச் சாடி மழைக்காலத்துல தண்ணி விடுறதப் பாத்தேன்."

ஐயர் ஈர வேட்டியோடு கரையேறி வந்தார். இருவரையும் பார்த்தார். சௌந்தரநாயகி எழுந்து தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு நாகேஸ்வரய்யர் நிலத்தை விற்க முடிவு செய்தார். அய்யாக்கண்ணையே கூப்பிட்டுக் கேட்டார். இவர்கள் மாட்டையும் நகையையும் விற்று ஐந்து மா வாங்கினார்கள். மீதியைப் பக்கத்து வயல்காரர் வாங்கினார். ஐயர் குடும்பம் மகன் வேலை பார்த்த சென்னைக்குக் குடிபோயிற்று. புறப்படுகிற அன்று காமு ஒரு நார்த்தங்கன்றை வேர்மண்ணோடு சாக்கில் கட்டி அனுப்பியிருந்தாள்.

நிலத்தைப் பிரித்து அளக்க சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அய்யாக்கண்ணு வரப்பில் கைகட்டி நின்றார். சௌந்தரநாயகி சர்வேயர் பின்னாலேயே சேற்றில் நடந்தாள். சங்கிலியில் எத்தனை கண்ணி, வெயிலில் இரும்பு நீளுமே, அப்போது நிலம் குறையுமா கூடுமா என்று கேட்டாள்.

சர்வேயர் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதுவரை யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றார்.