பொன்னாடை உருட்டும் ஒரு ஜிகினா ஆல்பமும்

டிரம் அடிக்கிறவன் ஒழுங்காக அடித்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தப்பாக அடித்தால் ஊரே பார்க்கும். மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்து காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

மிஷின்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தென்காசியில் மாணிக்கராஜ் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் இருபத்தாறு வருஷம் டிரம் அடித்தேன். கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் மைக் செட்டுக்காரர் பேர்கூட வரும், என் பேர் வராது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அண்ணாச்சி தாளம் போடுகிற மிஷின் ஒன்றை வாங்கிவந்து என் இடத்தில் வைத்தார்.

"உன் கைக்கு வயசாயிட்டுலே இசக்கி. மிஷினுக்கு வயசும் ஆகாது, டீயும் கேக்காது."

மூஞ்சி

அடுத்த மாசம் செல்வின் தேடி வந்தான். புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் மகன், பாடுவான். கூட மைதீன், துபாய் வேலையை விட்டுவிட்டு கிட்டார் வாசிக்கிறவன். கிளாம் ராக் என்று ஒரு வகைப் பாட்டாம்: காது கிழிகிற சத்தம், பளபளக்கிற சட்டை, அரை அடி உயரச் செருப்பு, ஆம்பிளை முகத்தில் ஜிகினா. அதில் எட்டுப் பாட்டு ஆல்பம் போடப் போகிறார்கள், டிரம் அடிக்க ஆள் வேண்டும். "அட்டையில உங்க பேரும் வரும் அண்ணாச்சி" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக என் மூஞ்சியை ஜிகினாவுக்குக் கொடுத்தேன்.

குற்றாலத்தில் அட்டைப் படம் எடுத்தோம். பிறகு அருவியில் அரை மணி நேரம் நின்றும் ஜிகினா போகவில்லை. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் தன் பங்குக்குத் தேய்த்துப் பார்த்துக் கையை உதறினார்.

"எத்தனையோ பேரு அழுக்க எடுத்துருக்கேன். இது உங்ககூட வாழ வந்த மாதிரில்லா இருக்கு!"

உருட்டு

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்துப் பதிவு செய்தோம். மூன்று பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்பது செல்வின் சட்டம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, சீசன் கூட்டம் வருவதால் மறுநாள் அறையைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் கடைசிப் பாட்டு.

அதில் ஓர் இடத்தில் எல்லாம் அடங்கி, செல்வின் மட்டும் முணுமுணுப்பான். சரியாக அங்கே லாட்ஜ் மேனேஜர் கதவைத் திறந்தார், தோளில் துண்டு, கையில் டீ. கொடை மேடையில் ஒருவர் பொன்னாடையோடு ஏறினால் டிரம்காரன் உருட்ட வேண்டும், அது வழக்கம். இருபத்தாறு வருஷப் பழக்கம், என் கை என்னைக் கேட்கவில்லை. தடதடதட... டிஷ்!

மிஷின் இந்தத் தப்பைச் செய்திருக்காது. இங்கேயும் வேலை போயிற்று என்று குச்சியைக் கீழே வைத்தேன். பாட்டைத் திரும்பப் பதிவு செய்வதற்குள் மின்சாரம் போனது; போனது போனதுதான். மறுநாள் செல்வின் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"இதத்தான் அப்படியே வெளிய விடணும் அண்ணாச்சி. ஊரு சிரிச்சா நாமளும் சேந்து சிரிப்போம்."

வரவேற்பு

ஆல்பம் போனில் வந்தது. அட்டையில் என் பேர் இருந்தது; இப்போது அதுவே பயமாக இருந்தது. "ஜிகினா பூசிய இரைச்சல்" என்று ஒருத்தர் எழுதினார். மற்றவர்கள் எழுதவே இல்லை. மூன்று வாரம் நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

அப்புறம் திருவேங்கடத்தில் ஒரு கல்யாண வீட்டில், மாமனார் உள்ளே நுழையும்போது என் உருட்டைப் போட்டு யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். அது பரவியது. மைதீனின் பழைய கூட்டாளிகள் துபாயில் சூப்பர்வைசர் வரும்போது போட்டார்களாம். உருட்டுக்காக வந்தவர்கள் மிச்ச ஏழு பாட்டையும் கேட்டார்கள். அதற்கப்புறம்தான் டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் கிளாஸை வைத்தார்.

"தடதடதட... டிஷ்! அண்ணாச்சி, டீ!"

பொன்னாடை

போன வாரம் மாணிக்கராஜ் அண்ணாச்சி வந்தார், கையோடு மிஷினும். ராயகிரி கொடையில் நாட்டாமைக்குப் பொன்னாடை போத்தும்போது சனம் அந்த உருட்டுதான் வேண்டும் என்று கேட்டதாம். மிஷினில் அது இல்லையாம்.

"ஏலே இசக்கி, அத மட்டும் ஒருக்க இதுல அடிச்சுக் குடுத்துருலே. உனக்கு டீ வாங்கித் தாரேன்."

அவர் வாங்கித் தந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்து, கைக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். மன்னிப்பதெல்லாம் முன்வரிசைக்காரர்கள் வேலை, பின்வரிசைக்காரன் வேலை தாளத்தை மறக்காமல் இருப்பது.