சந்தனத்துக்கு அடியில் ஒரு எண்

பாடியில் ஒரு பட்டறையில் அக்கா புருஷன் இருபது வருஷமாக ஓட்டிவந்த கம்ப்யூட்டர் லேத்தைக் கெடுத்தவன் நான். வேறு எவனும் இல்லை.

அந்த லேத்தை இயக்கும் கம்ப்யூட்டர் அரதப் பழசு. பிளாப்பியில்தான் வேலையை ஏற்ற வேண்டும். பிளாப்பி டிரைவ் செத்துப்போனதும், "ஒரு நெட்வொர்க் கார்டு சொருகிட்டா எல்லாம் ஒயர்லயே வந்துடும் மாமா" என்று சவடால் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்குத் தெரியாமல் பழைய கார்டு ஒன்றையும் அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளையும் போட்டேன். திங்கள் காலை சுவிட்சைப் போட்டதும் லேத்தில் உளியைப் பிடித்திருக்கும் கை ஒருமுறை துள்ளியது. திரை உறைந்தது.

"இன்னா மச்சான் இது?" என்றார் மாமா.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இப்போதைய கார்டுகள் தாமே முன்வந்து இருப்பைச் சொல்லிவிடும். பழையவை சொல்லாது. டிரைவர்தான் கம்ப்யூட்டருக்குள் கார்டுகள் இருக்கக்கூடிய, தனக்குத் தெரிந்த நாலைந்து எண் முகவரிகளில் ஒவ்வொன்றாக எதையாவது எழுதி, பதில் வருகிறதா என்று பார்க்கும். அதில் ஒன்றில் லேத்தின் கன்ட்ரோல் கார்டு குடியிருந்தது. டிரைவர் கதவைத் தட்டியதை அது உத்தரவாக எடுத்துக்கொண்டது. அந்த முகவரி ஏற்கெனவே ரிசர்வ் ஆனது என்று கம்ப்யூட்டரின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் டிரைவர் அந்தப் பக்கமே போகாது. எந்த முகவரி என்றுதான் தெரியவில்லை. ஊகிக்கவும் பயம். இன்னொரு முறை துள்ளினால் லேத்தின் கை முறிந்துவிடும்.

முதலாளி வந்தார். "எவன்யா இதுல கை வெச்சது?"

"நான்தாங்க" என்றார் மாமா. "மச்சானைக் கூப்ட்டுக்கீறேன். சரி பண்ணிடுவான்."

"சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா காயலான் கடைக்குப் போயிடும். நீயும் வேற எடம் பாத்துக்க."

மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு மெஷின் எதுவும் தெரியாது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மெஷினோடு வந்த புத்தகம் எங்கும் இல்லை. தேடித் தேடியே மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. எனக்கென்ன மேதாவித்தனம் என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அப்போதுதான் மாமா மெதுவாகச் சொன்னார். "மெஷினை மாட்ன ஆளு கன்ட்ரோல் பொட்டிக் கதவு உள்பக்கம் இன்னாவோ நம்பர் எழுதி ஒரு சீட்டு ஒட்டினான்பா. நடுவுல கீதேன்னு ஆயுத பூஜைக்கு அதும் மேலயே பொட்டு வெச்சிகினு வந்துட்டேன்."

கதவைத் திறந்தோம். இருபது வருஷச் சந்தனமும் குங்குமமும் விரல் தடிமனுக்கு இறுகியிருந்தன. ஈரத்துணி பட்டால் மை கரையும். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தொட்டுக் கும்பிட்டு, கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. சீட்டில் முகவரி தெரிந்தது: மூன்று, பூஜ்யம், பூஜ்யம்.

அந்த வரியை எழுதி சுவிட்சைப் போட்டேன். கை துள்ளவில்லை. டிரைவர் முந்நூறைத் தாண்டிப்போய் தன் கார்டைக் கண்டுபிடித்தது. லேத் சுழன்றது. மாமா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி வந்து பார்த்தார். "இனிமே தெரியாததுல கை வெக்காத, இன்னா?" என்று மாமாவை எல்லார் முன்னாலும் அதட்டினார்.

"சரிங்க."

பிறகு என் தோளைத் தட்டினார். "நல்ல வேளை தம்பி, நீ வந்தே."

"பரவால்ல சார்" என்றேன்.