குரும்பலூர் பக்கம் பன்னிரண்டு வாரம், ஒரு நீலப் படுதா

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். அடுத்த வேலை தொடங்க மூன்று மாதம் இருந்தது. ஜப்பானுக்குப் போ என்றார்கள் தோழிகள். நான் பெரம்பலூருக்குப் போனேன். பூர்வீகத்தைத் தேடியெல்லாம் இல்லை. ஒரு தொண்டு அமைப்பு மாலை நேர ஆங்கில வகுப்புக்கு ஆள் கேட்டது. ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம் என்றது. ஊர்ப் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை, அதுவே போதுமானதாக இருந்தது. ஜூலை கடைசியில் போய் அக்டோபர் நடுவில் திரும்பினேன். இதே மாதிரி போக நினைக்கும் சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன். நான் செய்த சொதப்பலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வழி. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரத்துக்குள். விமான நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோக்காரர் நானூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். திருச்சியிலிருந்து பெரம்பலூர் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், நான் போனபோது ஐம்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து குரும்பலூருக்கு டவுன் பஸ், இருபத்தைந்து நிமிடம். சில்லறையை நீட்டினால் நடத்துநர் வாங்கவில்லை. "லேடீஸுக்குக் காசு இல்லம்மா, உள்ள போங்க," என்றார். நான் எந்த நாடு என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. குரும்பலூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு. அழைத்துப் போக அந்த வீட்டு செல்வராசு அண்ணன் மொபெட்டோடு வந்து நின்றார்.

செல்வராசு அண்ணனும் அவர் மனைவி தமிழரசி அக்காவும்தான் வீட்டில். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அறைதான் எனக்கு. வாசலில் என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

"வெள்ளக்காரங்க வருவாங்கன்னுல்ல பாத்தோம்," என்றார், மறைக்காமல். "நீங்க எங்க சித்தி பொண்ணாட்டம் இருக்கீங்க."

அந்த வெள்ளைக்காரிக்காக வாங்கி வைத்திருந்த பிரட், ஜாம், டிஷ்யூ பேப்பர் எல்லாம் என் தலையில் விழுந்தன. அவர்கள் இட்லியும் கம்பங்கூழும் சாப்பிட, நான் ஒன்பது நாள் காலையில் ஜாம் தடவிய பிரட் தின்றேன், மரியாதைக்காக. பத்தாம் நாள் கூழ் கேட்டேன். "இத மொத நாளே சொன்னா என்ன டீச்சர்? பிரட்டு வாங்கவே இவரு தெனம் டவுனுக்குப் போயிட்டு வராரு," என்றார் அக்கா. அவர்களும் மரியாதைக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றாட வாழ்க்கை இதுதான்: ஐந்தரைக்கு விழிப்பு, எட்டு மணிக்குச் சாப்பாடு, நாலரையிலிருந்து ஆறரை வரை பள்ளிக்கூடத்தில் வகுப்பு, எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு, ஒன்பதேகாலுக்கு உறக்கம். காலை எட்டுக்கும் மாலை நாலரைக்கும் நடுவில் எனக்கு வேலையே கிடையாது. விளக்குமாற்றை எடுத்தால் அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். நான் கழுவிய பாத்திரத்தை, நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி கழுவுவார். "உக்காருங்க டீச்சர்" என்பதை ஒரு நாளில் பதினான்கு முறை கேட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கே என்மேல் எரிச்சல். தொண்டு செய்ய வந்தவளுக்கு இரண்டு பேர் தொண்டு செய்துகொண்டிருந்தார்கள். எப்படியாவது இந்த வீட்டுக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்ற வெறி அப்போதுதான் பிடித்தது.

வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பட்டறை இருந்தது. கல் அடுக்கி, மேலே கட்டை பரப்பி, சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டி, நடுவே சின்ன வெங்காயத்தைக் கொட்டி, மேலே தென்னங்கீற்று போட்டிருப்பார்கள். பக்கவாட்டில் காற்று நுழைந்து வெளியேறும். முதல் வாரமே அண்ணன் காட்டினார்.

"இது விக்கிறதுக்கில்ல டீச்சர். ஐப்பசி நடவுக்கு வெத. இது போச்சுன்னா வெளில வாங்கித்தான் நடணும், அது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாது."

பட்டறையின் காலடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் படுதாவும் கயிறும் சுருட்டிக் கிடந்தன. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவள் அதைத் தொடுவாள் என்று யார் நினைப்பார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அக்காவின் தம்பி பிள்ளைக்குக் காது குத்து என்று இருவரும் அரியலூர் பக்கம் விக்கிரமங்கலத்துக்குப் போனார்கள். என்னையும் அழைத்தார்கள், வகுப்பில் பரீட்சை வைத்திருந்ததால் நான் போகவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து சேரவும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் தட்டிக்குள் அடித்தது. எனக்கு ஒரே உற்சாகம். படுதாவை இழுத்துப் பட்டறையின் தலைமேல் போட்டு, நான்கு பக்கமும் தரை வரை இறக்கி, கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. தொப்பலாக நனைந்து நின்று, அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

ஞாயிறு காலை அக்கா போன் செய்தார், திங்கள் மதியம்தான் வருவோம் என்று. "மழ பெஞ்சுதா?" என்று கேட்டார். "லேசாப் பெஞ்சுது அக்கா, இங்க எல்லாம் நல்லா இருக்கு," என்றேன். படுதாவைப் பற்றிச் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தேன். அன்று முழுக்க வெயில் கொளுத்தியது.

திங்கள் மதியம் அண்ணன் பையைக்கூட இறக்கி வைக்காமல் பின்பக்கம் போனார். கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அரிவாளால் அறுத்தார். படுதாவைத் தூக்கியதும் வெந்நீர் அண்டாவைத் திறந்தது போல வெக்கை அடித்தது, கூடவே ஒரு புளித்த வாடை. முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு கை வெங்காயம் அள்ளினார். விரலுக்கிடையில் நசுங்கி வழிந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்காதான் பேசினார். "நனைஞ்சா காத்துல காஞ்சிரும் டீச்சர். மூடி வச்சா புழுங்கிரும். மழ விட்டதும் எடுத்துரணும். ஒரு போன் போட்டிருக்கலாம்ல? நான்தான் கேட்டேன்ல?"

கேட்டார்தான். அழுகை வந்தது, அழுதால் அதற்கும் அவர்களே சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பெரியண்ணன் என்ற பக்கத்து நிலத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, எவன் இப்படி இழுத்துக் கட்டுனது? வெங்காயத்துக்கு வேது புடிச்சிருக்கான்," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு அண்ணன் சொன்னார்: "நாந்தான் போன்ல மூடச் சொன்னேன். பக்கத்துல தொறந்து வுடச் சொல்ல மறந்துட்டேன்."

பெரியண்ணன் போனதும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பாமல், "வூட்டுல நடந்தத வெளில எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றார். கோபம் இன்னும் குரலில் இருந்தது.

அடுத்த மூன்று நாள் மொத்தத்தையும் வெளியே எடுத்து, கொட்டகை நிழலில் பரப்பிப் பொறுக்கினோம். தாள் பக்கம் கட்டை விரலால் அழுத்த வேண்டும். உள்வாங்கினால் அழுகல், வேர் விட்டிருந்தால் அதுவும் தனி. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. "இந்தக் கூடைய அங்க கொட்டுங்க", "நல்லா அமுக்கிப் பாருங்க" என்று அக்கா வேலை ஏவினார். கை நாறி, வகுப்பில் முன் வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குழிக்குப் போனது. அண்ணன் மீதியை அளந்து பார்த்துவிட்டு, விதை பத்தாது, வயலில் கிணற்று மூலையில் வெங்காயம் வேண்டாம், மக்காச்சோளம் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

பத்து நாள் கழித்து மறுபடி மழை. இருவரும் வயலில் இருந்தார்கள். நான் அசையவில்லை, உண்மையாகவே பயம். வரப்பிலிருந்து அண்ணன் குரல் வந்தது: "டீச்சர், படுதா! மேல மட்டும்!" ஓடிப் போய்த் தலைப்பக்கம் மட்டும் போர்த்தி, நான்கு கல்லைத் தூக்கி வைத்தேன். மழை விட்டதும் எடுத்துவிட்டேன். அவர் வந்து தட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு, "டீ போடுங்க டீச்சர்," என்றார். அந்த வீட்டில் நான் போட்ட முதல் டீ அதுதான். சர்க்கரை அதிகம் என்று அக்கா குறை சொன்னார்.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சுற்றுலா விசாவில் இவ்வளவு நாள் தொண்டு செய்ய முடியாது, தூதரகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தங்கும் வீட்டிலிருந்து காவல் துறைக்குத் தகவல் பதிய வேண்டும், அதை அமைப்பு செய்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குப் போகலாம், கூட்டம் இல்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம்; வழியெங்கும் சிமென்ட் லாரி, முகத்துக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். கூழ் பிடிக்கும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உதவி செய்ய ஆசை வந்தால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் நல்ல எண்ணத்தில் புழுங்கியது அவர்களுடைய விதை.

தை மாதம் அக்கா ஒரு படம் அனுப்பினார். நிலம் முழுக்க வெங்காயத் தாள், கிணற்று மூலையில் மட்டும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். அந்த இடத்துக்கு இப்போது வீட்டில் "டீச்சர் மூலை" என்று பெயராம். பெரியண்ணன்கூட அப்படித்தான் சொல்கிறாராம். உண்மையை யார் அவரிடம் சொன்னது என்று கேட்டேன். அக்கா குரல் பதிவாகப் பதில் அனுப்பினார், பின்னால் அண்ணன் சிரிப்பது கேட்டது.

"பெரியண்ணனுக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். உங்க மூலைல சோளக் கருது முத்திருச்சு. யாரும் ஒடிக்கல, நீங்க வந்து ஒடிங்க."