நான் எழுதிய வீட்டின் முகவரி

வெளிநாட்டில் வளரும் என் அக்கா மகள், ஒன்பது வயது, விடுமுறைக்குப் பட்டாபிராமில் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். அவளை என்னிடம் விட்டுவிட்டு அக்கா மதுரைக்கு, மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்தால் துணிகளுக்கு மேலே நான் எழுதிய புத்தகம். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, படித்துப் படித்து நைந்திருந்தது. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பு காபி ஆறும் வரைகூட நிற்கவில்லை.

"சித்தி, இந்த வீடு எங்க இருக்கு? நான் போட்டோ எடுக்கணும்" என்றாள்.

கடல் கடந்து வளரும் நம் பிள்ளைகள் பண்பாட்டை மறந்துவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்த படக்கதை அது. கவலைப்பட்டவர் பதிப்பாளர், எழுதியவள் நான். அதில் ஒரு சிறுமி விடியுமுன் எழுந்து, சாணம் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போடுவாள். முற்றத்தில் மண்பானை பொங்கும். கன்றுக்குட்டி ஒன்று அவள் பாவாடையை முகர்ந்து பார்க்கும். இத்தனையையும் நான் எழுதியது அம்பத்தூர் போகும் மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில், பாதி நாள் நின்றுகொண்டே, கைபேசியில். அங்கே தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் ஐடி அலுவலகத்தில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அடுத்தவர் எழுதியதில் மட்டும்தான் கண்டுபிடிப்பேன். என் வீட்டு வாசலில் இருப்பது ஸ்டிக்கர் கோலம்.

விஷயம் போட்டோவோடு முடியவில்லை. ஜனவரியில் அவள் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பண்டிகையைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததாம். இவள் என் புத்தகத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, எங்கள் ஊரிலும் எல்லோரும் ஃபிளாட்டில்தான் இருக்கிறோம், இவள் சொல்வது பொய் என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து இவளுக்குப் பொய்க்காரி என்று பெயர். என் சித்தி எழுதியது பொய்யாக இருக்காது, வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. ஒரு வீடுதானே, கிடைக்காமலா போகும் என்று தேட ஆரம்பித்தேன்.

எங்கள் அலுவலக கேண்டீனை நடத்தும் பெண்மணிக்குத் திருமழிசையில் சொந்த வீடு, தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் கைபேசியைத் துடைத்துத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். போய் நின்றால் வாசல்படி வரை சிமெண்ட். படியில் என் வாசலில் இருக்கும் அதே ஸ்டிக்கர், அதே தாமரை. மாடு எங்கே என்று கேட்டேன்.

"மாடா? அத்தெல்லாம் எப்பவோ வித்தாச்சும்மா. கொட்டாய கம்பெனிக்கு வாடகைக்கு உட்டுட்டோம். உள்ள வா கண்ணு, ஏசி ஓடிகினு கீது" என்றார்.

உள்ளே நூடுல்ஸ் கிடைத்தது. புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தவர், ரொம்ப அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, "இந்த ஊடு எந்த ஊர்ல கீது?" என்று கேட்டார். குழந்தை என்னைப் பார்த்தாள். நான் நூடுல்ஸைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கைபேசியைப் பைக்குள் போட்டு மூடிவிட்டாள். வீட்டுக்கு வந்து குக்கரில் அரிசியை வைத்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சித்தி, சின்ன வயசுல நீங்க அந்த வீட்லயா இருந்தீங்க?"

இனி ஓட இடமில்லை. இல்லை என்றேன். நானும் அவள் அம்மாவும் வளர்ந்தது அம்பத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில், ஒரே அறையில். மொட்டை மாடியில் அடுப்பு மூட்ட வீட்டுக்காரம்மா விடமாட்டார். அதனால் எங்களுக்குக் குக்கரில்தான் பொங்கல். பொங்குவது கண்ணுக்குத் தெரியாதே, அதனால் முதல் விசில் வந்ததும் நாங்கள் இருவரும் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு பொங்கலோ பொங்கல் என்று கத்துவோம். மண்பானை பொங்கியதை நான் பார்த்தது காலண்டரில். விசில் கதையை எழுத வெட்கமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க" என்றாள். "விசில் வந்தா தட்டைத் தட்டச் சொல்லுவாங்க. நான்தான் அது தப்புன்னு உங்க புக்கைக் காட்டினேன். இந்த வருஷம் அம்மா தட்டவே இல்ல."

பண்பாட்டைக் கடல் கடந்து கொண்டுபோகப் புத்தகம் எழுதியவள் நான். அது எனக்கு முன்பே அக்காவின் பெட்டியில், குக்கரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை நிறுத்தியதுதான் என் பங்கு.

அன்றைக்கே அவள் டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை, பொய் சொன்னவள் நான், அதை வண்ணப் படங்களோடு அச்சடித்தும் விட்டேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். வாசித்துப் பார்த்தவள், விசில் கதையையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் முகம் தெளியவில்லை.

மறுநாள் மதியம் அக்கா மதுரையிலிருந்து வந்தாள். கால் கழுவக்கூட விடாமல் குழந்தை அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அடுப்பின் முன்னால் நிறுத்தினாள். கையில் ஒரு தட்டையும் கரண்டியையும் கொடுத்துவிட்டு, தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். ஆடி மாதம். குக்கரில் வெறும் சாதம். அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். படம் எடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்ததால் நான் கைபேசிக்குப் பின்னால் இருந்தேன்.

விசில் வந்தது. குழந்தை தட்டவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு தட்ட ஆரம்பித்தவள், மூன்றாவது விசில் வரை நிறுத்தவில்லை.