ஒச்சாயியின் வலது காது

வலது காதைக் கையால் பொத்திக்கொண்டால்தான் ஒச்சாயிக்கு இங்கிலீஷ் வரும். கையை எடுத்தால் அடுத்த வார்த்தை வராது. எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன், அதட்டிப் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். "இருங்கண்ணே, கைய எடுத்தா லைன் கட்டாகிருது" என்கிறாள்.

மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, இணைத்துக் கொடுக்கிற ஆபரேட்டர் அவள். ஒன்பது வருஷமாக அந்தக் காதில்தான் ஹெட்போன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்ற ஒரே ஒரு வாக்கியத்தோடு வேலைக்கு வந்தவள். மற்றதெல்லாம் அந்தக் கம்பி வழியாகவே கற்றுக்கொண்டது. இன்று கல்கத்தா எக்ஸ்சேஞ்சுக்காரன் லைன் தர மறுத்தால் அவள் இங்கிலீஷில் போடுகிற சண்டை இருக்கிறதே, அப்பாடி! நமக்கே அந்தக் கல்கத்தாக்காரன் மேல் இரக்கம் வந்துவிடும்.

நான் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்கு மதுரை நிருபர். தினமும் சாயங்காலம் டிரங்க் கால் போட்டுச் செய்தி சொல்கிறவன். ஆறு வருஷம் அவள் குரலை மட்டுமே கேட்டு, கண்ணாடி போட்ட ஐம்பது வயது அம்மாள் என்று நினைத்து "மேடம், மேடம்" என்று குழைந்துகொண்டிருந்தேன். போன வருஷம் திருநகர் ரேஷன் கடையில் எடைக்கல் சரியில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். என் தோளுயரம்கூட இல்லை. முப்பது வயதிருக்கும்.

"பிரஸ் கால்காரரா நீங்க? சத்தத்துலயே தெரிஞ்சிருச்சுண்ணே. லைன் சரியில்லேன்னா எங்கிட்டயும் இப்படித்தான கத்துவீக!"

எங்களுக்கு அடுத்த தெருவுக்குத்தான் குடிவந்திருந்தாள். என் வீட்டில் டெலிபோன் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் அழகம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பதினோரு மணிக்கு மெட்ராஸிலிருந்து அவள் கணவர் நல்லகாமன் பேசுவார். அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாலு வருஷமாக அவர் அங்கே, இவர்கள் இங்கே. மூன்று தடவை மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டாள். மூன்று தடவையும் இடம் இல்லை என்றுதான் பதில் வந்தது.

போன தீபாவளிக்கு நல்லகாமன் லீவில் வந்தார். ஒச்சாயியும் பிள்ளையும் எங்கள் வீட்டில் இருந்ததால் நேராக இங்கேதான் வந்து இறங்கினார். ஆறு வயதுப் பிள்ளை அவரைக் கண்டதும் ஓடிப்போய் ஒச்சாயியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. மிட்டாய், பாவாடை, பொம்மை எதைக் காட்டியும் மசியவில்லை. கடைசியில் மனிதர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அலோ, யாரு அழகம்மா பேசுறதா?" என்றார். "அப்பா!" என்று பிள்ளை ஓடியது. எங்கே ஓடியது? எங்கள் வீட்டு டெலிபோனைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒச்சாயி அடுப்படிக்குப் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை.

அதற்கப்புறம்தான் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள். மெட்ராஸில் வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கிற பிரிவில் இரண்டு இடம் காலி. இங்கிலீஷில் எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. எழுத்தில் தேறிவிட்டாள். வாய்மொழியில் மூன்று அதிகாரிகள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். அங்கேதான் வந்தது வினை. முகம் தெரியாத ஆளோடு மணிக்கணக்காகப் பேசுவாள். எதிரில் ஒரு முகம் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஞாயித்துக்கிழமை போன் பேசிட்டு அரை மணி நேரம் எனக்கு எதுக்க உக்காருங்கண்ணே."

"எனக்கு இங்கிலீஷ் என்ன வாழுது?"

"உங்க இங்கிலீஷ் யாருக்கு வேணும்? உங்க மூஞ்சி போதும். இம்புட்டுக் கடுகடுன்னு வேற எவன் இருப்பான்? இதப் பாத்துப் பேசிட்டேன்னா எவன் மூஞ்சியப் பாத்தும் பேசிருவேன்."

என் மனைவி செல்லத்தாய் அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அவ சொல்றது சரிதான்" என்று ஒத்து வேறு ஊதினாள். முப்பது வருஷம் இந்த மூஞ்சியைப் பார்த்துச் சோறு போட்டவள் அல்லவா!

இப்படியாக நான் அதிகாரியானேன். பெயர் என்ன, எங்கே படித்தாய், மதுரையில் பார்க்க என்ன இருக்கிறது என்று பட்லர் இங்கிலீஷில் கேட்பேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு, என் தலைக்கு மேலே தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்வாள். "என்னைப் பாரு! இங்கே பாரு!" என்று கத்துவேன். பார்ப்பாள். உடனே வாய் மூடிக்கொள்ளும். மெட்ராஸுக்கு வர ஏன் விரும்புகிறாய் என்ற கேள்விக்கு மட்டும் "பணி அனுபவத்தை வளர்த்துக்கொள்ள" என்று மனப்பாடமாக ஒன்றை ஒப்பிப்பாள். கிளி ஜோசியக்காரனின் கிளிகூட அதைவிட உயிரோடு சீட்டெடுக்கும் என்று திட்டினேன். அவளுக்குக் கோபமே வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கே வந்து நிற்பாள்.

நடுவில் ஒரு நாள் கிழக்குக் கோபுரத்தடியில் பார்த்தேன். நாலு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒச்சாயி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அசந்துபோய்க் கிட்டே போனால், அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தபடியே பேசுகிறாள். அவர்களும் பாவம், அண்ணாந்தே கேட்கிறார்கள். ஒருத்தர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"ஏன் தாயி, கேள்வி கேட்கிற அதிகாரி தலையிலே கோபுரமா இருக்கும்?" என்றேன்.

"கீழ இறங்கி வாரேண்ணே, கொஞ்சங்கொஞ்சமா. இன்னிக்கு ரெண்டாவது நிலை வரைக்கும் இறங்கிட்டேன்ல!"

நேற்றுச் சாயங்கால ரயிலில் மெட்ராஸ் கிளம்பினாள். நாளைக்குத் தேர்வு. அவள் திரும்பி வரும்வரை பிள்ளை எங்கள் வீட்டில். வழியனுப்ப அழகம்மாளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஒச்சாயிக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்திருந்தது. மஞ்சள் சேலை, தலை நிறைய மல்லிகை, மடியில் ஃபைல்.

"கடைசியா ஒரு கேள்வி கேளுங்கண்ணே."

மெட்ராஸுக்கு வர ஏன் விரும்புகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். கிளி சீட்டெடுக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த வலது கை காதுப் பக்கம் கிளம்பியது. பாதியில் நின்றது. திரும்பிப் போய்க் கம்பியையே பிடித்துக்கொண்டது. நேராக என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். என் மகளுக்கு ஆறு வயது, ஐயா. அவளுக்கு அவள் அப்பாவின் குரல் தெரியும். முகம் தெரியாது. குரலை இணைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. என் வீட்டுக்கு அது போதவில்லை.

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குனிந்து, சரியாகவே இருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

கம்பிக்கு வெளியே அந்த வலது கை நீண்டு வந்து என் தோளைத் தட்டியது.

"எங்கண்ணே குனியிறீங்க? இங்கிட்டு என்னையப் பாருங்க. நான் இன்னும் முடிக்கல."