ஒரு சுற்றுக்கு ஏழு லட்சம் வருஷம்

உமாசங்கர் குருக்களுக்கு அறுபத்திரண்டு வயது. அண்ணாமலையார் கோயிலில் பரம்பரையாகப் பூஜை செய்கிற குடும்பம். பூஜை முறை வராத நாட்களில் மனிதர் வீட்டில் உட்கார்ந்து படிப்பது புராணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். விலங்கியல் படிப்பார். மலைக் குரங்கு தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால், "இதுவா நம்ம தாத்தா?" என்று பூக்கடைக்காரர்கள் அவரைச் சீண்டுவார்கள். "தாத்தா இல்லைங்க, பங்காளி. நமக்கும் அதுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருத்தர்தான்" என்பார் அவர் பொறுமையாக.

இந்தப் பித்து கல்லூரியில் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தவன் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க் கோதண்டராமன், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சாமியைத் தொடப்போகிற கை தவளையை அறுக்கக் கூடாது என்று உமாசங்கரின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஆகவே ஆய்வுக்கூடத்தில் அறுப்பது கோதண்டராமன். இரண்டு பேர் நோட்டிலும் படம் வரைவது உமாசங்கர். கோதண்டராமன் கை வைத்தால் நூல் போன்ற நரம்புகூட அறுபடாமல் வெளியே வரும். பேராசிரியரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

மூன்றாம் வருடம் உயிர்களின் வரலாறு பாடமாக வந்தது. எத்தனை கோடி வருஷத்துக்கு முன் எது தோன்றியது என்பது யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. கோதண்டராமன்தான் வழி கண்டுபிடித்தான். சைக்கிள் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். ராஜகோபுரத்திலிருந்து கிரிவலப் பாதையில் அவன் உருட்ட, இவர் சுற்றுகளை எண்ணினார். பதினாலு கிலோமீட்டர், ஆறாயிரத்துச் சொச்சம் சுற்று. பூமியின் வயது நானூற்றறுபது கோடி. வகுத்தால் ஒரு சுற்றுக்கு ஏழு லட்சம் வருஷம்.

அந்தக் கணக்கில் முதல் உயிர் தோன்றிய இடம் எம லிங்கத்துக்குப் பக்கத்தில் வந்தது. எமன் வாசலில் பிறப்பா என்று இருவரும் நடுரோட்டில் நின்று சிரித்தார்கள். அதன்பிறகு கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மட்டும்தான். அடி அண்ணாமலை தாண்டுகிற இடத்தில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குள் போய், செரித்துப்போகாமல், அங்கேயே குடியிருந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒரே உயிரானது; நாமெல்லாம் அதன் வம்சம். ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போதுதான் மீன். கோபுரம் கண்ணெதிரே பெரிதாகத் தெரிகையில் டைனோசர் செத்தது. மனிதன் வந்தது கடைசி அரைச் சுற்றில். "இதுக்குத்தான் இவ்ளோ ஆட்டமாடா?" என்றான் கோதண்டராமன். அந்த நாளைப்போல் சந்தோஷமான நாள் தன் வாழ்வில் இன்னொன்று வந்ததில்லை என்று உமாசங்கர் இன்றும் நினைக்கிறார்.

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. ஆளுக்கொரு தவளை. உமாசங்கர் கத்தியைக் கையில் எடுத்தார், தவளைமேல் வைக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். வெளியூர் தேர்வாளர் திரும்பியிருந்த நேரம் பார்த்து, கோதண்டராமன் தான் அறுத்து முடித்திருந்த தட்டை இவர் பக்கம் தள்ளிவிட்டு, இவருடைய தட்டை எடுத்துக்கொண்டான். அவன் மறுபடி கத்தி வைப்பதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார். இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டு முட்டை மதிப்பெண் போட்டார். உமாசங்கர் பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

கோதண்டராமன் தோற்றான். படித்தது போதும் என்று அவன் அப்பா மல்லாட்டைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். உமாசங்கர் பட்டம் வாங்கிக்கொண்டு, அது எதற்கும் உதவாத கருவறைக்குள் போனார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

போன வாரம் பழைய வகுப்புக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். கோதண்டராமன் எங்கே என்று யாரோ கேட்க, சுரேஷ்குமார் என்பவர் எழுதினார்: "தவளைய பாத்து பயந்துபோய் ஃபெயில் ஆனானே, அவனா?" பதினெட்டுப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். உமாசங்கருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி காமேஸ்வரி மாமி என்ன உடம்புக்கு என்று கேட்டதற்கு, பசியில்லை என்றார். விடிந்ததும் குழுவில் எழுதிவிட்டு, கிரிவலம் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அடி அண்ணாமலையில் கோதண்டராமன் தன் வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னா சாமி, டிகிரி வாங்கினியே, இத பாரு. ஒரு வருசம் மழை பொய்ச்சுது. எல்லாச் செடியும் காஞ்சிபோச்சு, ஆழமா வேரு வுட்டது மட்டும் நின்னுச்சு. அதோட கொட்டையத்தான் மறு வருசம் போட்டேன். இப்போ கொல்லை முழுக்க அதுங்க புள்ளைங்கதான். வாத்தியார் மூணு மாசம் நடத்தினத ஒரு கோடை நடத்திடுச்சு."

உமாசங்கர் கைபேசியை நீட்டினார். கோதண்டராமன் எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். 'பயந்தவன் நான். என் தட்டில் இருந்தது கோதண்டராமன் அறுத்த தவளை. அவனைக் காட்டிக்கொடுத்தது என் மௌனம். உமாசங்கர்.'

"இத எதுக்கு எழுதின? தட்ட மாத்தினது நான்தானே. நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்போ என்மேல கோவம் இல்லையாடா?"

"இருக்குது. ஜாஸ்தியாவே இருக்குது." கோதண்டராமனின் கை மல்லாட்டையில் நின்றது. "மாசாமாசம் பௌர்ணமிக்கு இந்த வழியாத்தான் போற. எதுத்த ஓரமா, தலைய குனிஞ்சிக்கினு. நானும் இங்கயேதான் குந்திக்கினு இருந்தேன். நாப்பது வருசம், ஒரு மாசமாவது நிப்பேன்னு பாத்தேன்."

உமாசங்கர் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐநூறு பௌர்ணமிக்குக் குறையாது. கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. கோதண்டராமன் முறத்தை இருவருக்கும் நடுவே நகர்த்திவைத்தார்.

தொடங்கிய கிரிவலத்தை அந்தக் குடும்பத்தில் யாரும் பாதியில் விட்டதில்லை. உமாசங்கர் அன்று விட்டார். வெயில் ஏறி, பொழுது சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்து விதை பொறுக்கினார்.