மணவறைச் சுவரில் முட்டிக்கொண்ட கொக்கிகள்

1. மூன்று நாள்

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், நெடுங்கேணி மண்டபத்தில் மணவறை வைக்கும் சுவரின் நேர் நடுவில், நான் சீமெந்தில் போட்ட அலங்காரக் கரையும் பத்மா போட்ட கரையும் சந்தித்தன. சந்தித்தன என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு கிடாய்கள் கொம்பைத் தாழ்த்தி முட்ட நிற்பதுபோல நின்றன.

நான் மேசன். போர் முடிந்து வீட்டுத்திட்டங்கள் நடந்த காலத்தில் பெண்களுக்கென்று ஒரு நிறுவனம் பயிற்சி வைத்தது. அதில்தான் சாந்துக் கரண்டி பிடிக்கப் பழகினேன். அதன் பிறகு பல வருடங்கள் ஆண் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுத்தேன். அந்த மண்டபத்தின் பூச்சு வேலைதான் என் பெயரில் நான் எடுத்த முதல் வேலை. பத்மா என்னோடு வேலை செய்தவள். முள்ளிவாய்க்கால் பக்கத்துப் பெண், கிழிந்த வலை பொத்துகிற வீட்டில் வளர்ந்தவள். வாய் குறைவு, கண் கூர்மை. எனக்கு இரண்டும் எதிர்மாறு.

மண்டபச் சபையின் தலைவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். ஊரே அவரைச் சேர் என்றுதான் சொல்லும். புது மண்டபத்தில் முதல் கலியாணம் அவருடைய மகளுக்கு. வேலையைத் தந்த அன்று என்னைக் கதிரையில் இருத்திச் சொன்னார்:

“லெட்சுமிப் பிள்ளை, பொம்பிளையளிட்டயோ குடுத்தனீங்கள் எண்டு ஆக்கள் கேக்கினம். நான் குடுத்திட்டன். ஆனா ஒரு பிழை கண்டனெண்டா வவுனியாவில இருந்து ஆக்களை எடுப்பன். பிறகு குறை நினைக்கக் கூடாது.”

ஓம் என்றேன். ஆண் மேசன் கட்டிய சுவர் வெடித்தால் மண் இறங்கிவிட்டது என்பார்கள். நாங்கள் கட்டிய சுவர் வெடித்தால் பெண்கள் கட்டியது என்பார்கள். அந்த வேலை பிழைத்தால் எனக்கும் பத்மாவுக்கும் அந்தப் பக்கத்தில் இன்னொரு வேலை கிடைக்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

2. கரை யாருடையது

சேர் தன் போனில் ஒரு படம் காட்டினார். சதுரமாக மடிந்து உள்ளே சுருளும் ஒரு கொக்கி, அதன் பின்னால் இன்னொன்று, அப்படியே முடிவில்லாமல் ஓடும் ஒரு கரை. நான்கு சுவரிலும் யன்னலுக்கு மேலே அதைச் சீமெந்தில் எழுப்பிச் செய்யவேண்டும்.

“இது எங்கட ஆக்களின்ர. பழைய கோயில் தூண்களில பாத்திருப்பாய். ஆயிரம் வருசம் இருக்கும்” என்றார்.

சீமெந்து எடுக்கத் தண்ணீரூற்று என்ற ஊருக்குப் போனேன். கடைக்கார நானா நான் கடதாசியில் கீறிக் கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது பள்ளிவாசல் வேலையெல்லோ தங்கச்சி. இடம்பெயர முந்தி எங்கட வாப்பான்ர வீட்டு வாசல்லயும் இருந்தது.”

கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த சேரின் மச்சான் வேலையைப் பார்க்க வந்தார். “அத்தான், இது கிரேக்க டிசைன். அங்க கோப்பிக் கடைக் கோப்பையிலயும் இதுதான்” என்றார். சேருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்ப எங்கட ஆக்களிட்ட இருந்துதான் எடுத்திருப்பாங்கள்” என்று பிரச்சினையை முடித்தார்.

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. என் அம்மாவின் பருத்திச் சீத்தைச் சேலையில் இதே கொக்கிதான் கரையாக ஓடியது. அம்மா அந்தச் சேலையோடுதான் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தார், அதே சேலையோடுதான் வன்னிக்கு வந்து காடு வெட்டினார். ஆக, நாலு பேருக்குச் சொந்தமான கொக்கி. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நாலு பேரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் பத்மா ஒருத்திதான்.

3. கைப்பிடி

இந்த வேலைக்கு ஒரு பலகை அச்சு வேண்டும். கொக்கியின் வடிவத்தைப் பலகையில் வெட்டி, சுவரில் வைத்துப் பிடித்து, ஓட்டைக்குள் சீமெந்தை அழுத்தி, பதமாக எடுத்தால் கொக்கி சுவரில் எழும்பி நிற்கும். தச்சர் ஒரே அளவில் இரண்டு அச்சு வெட்டித் தந்தார். இரண்டிலும் வலது ஓரத்தில் கைப்பிடி.

நாள் குறைவு. ஆகவே நான் ஒரு யோசனை சொன்னேன்: வாசலுக்கு மேலே இரண்டு பேரும் தொடங்குவோம், அவள் வலப் பக்கமாகப் போகட்டும், நான் இடப் பக்கமாகப் போகிறேன், எதிர்ச்சுவரில் சந்திப்போம். பாதி நாட்களில் முடியும். இதைச் சொன்னபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

இடப் பக்கமாகப் போகிறவளுக்கு, வலது ஓரத்துக் கைப்பிடி அப்போதுதான் போட்ட ஈரக் கொக்கிக்கு மேலே வரும். முழங்கை பட்டு எல்லாம் சிதையும். நான் அச்சைப் புரட்டினேன். கைப்பிடியைக் கழற்றி மற்ற முகத்தில் அடித்தேன். கைக்கு இதமாக இருந்தது.

பத்மா சாரப் பலகையில் ஏறாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அச்சைப் புரட்டினா கொக்கியும் மற்றப் பக்கம் பாக்குமெல்லோ?”

“கொக்கி எங்க பாத்தா என்ன? நீ உன்ர பக்கத்தைப் பார்.”

“இல்லை அக்கா, கடைசியில ரெண்டும்...”

“எனக்கு வேலை படிப்பிக்க வந்தனியோ?”

அவள் தன் அச்சை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினாள். நாங்கள் எதிரெதிர்ச் சுவர்களில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தோம். வாசலுக்கு மேலே இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியபடி தொடங்கியிருந்ததை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

4. கிண்ணமும் தேக்கரண்டியும்

இப்படித்தான் அந்தச் சுவரில் இரண்டும் முட்டிக்கொண்டன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. எந்தக் கொக்கியை அங்கே வைத்தாலும் ஒரு பக்கத்துக்குப் பகையாக நின்றது. பாதி மண்டபத்தைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போடவேண்டும். அதற்கு ஆறு நாள் வேண்டும். இருந்தது மூன்று.

நான் சீமெந்துப் பையில் குந்தி அழுதேன். வேலைத்தலத்தில் நான் அழுதது அந்த ஒரு நாள்தான். சேர் பின்னேரம் வருவார், பார்ப்பார், போனை எடுப்பார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நான் சொன்னேனே என்று பத்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, சோற்றுக் கிண்ணத்தைக் கழுவினாள். அந்த இடைவெளியில் சீமெந்தைத் தடிப்பாக அப்பி, கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினாள். ஒரு வட்டம் விழுந்தது. பிறகு தேக்கரண்டியின் முதுகால் சுற்றிவர எட்டுத் தரம் அழுத்தினாள். எட்டு இதழ். இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் ஒரு பூவைப் பார்த்துக் குனிந்து நிற்பதுபோல வந்துவிட்டது.

“காய விடுங்கோ அக்கா. தொடாதேங்கோ” என்றாள். முதல் தடவையாக அவள் சொன்னதைக் கேட்டேன்.

5. மைக்

கலியாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் சேர் மைக்கைப் பிடித்தார். அதிபராக இருந்தவர் கையில் மைக் போனால் திரும்பி வர நேரமெடுக்கும்.

“பின்னால இருக்கிற கரையைப் பாருங்கோ. ரெண்டு குடும்பம் ரெண்டு பக்கத்தால வந்து ஒரு பூவில சேருது. இது எங்கட பழைய மரபு. இதைச் செய்தது எங்கட லெட்சுமிப் பிள்ளை. என்ன கற்பனை!”

கை தட்டினார்கள். கனடா மச்சானும் தட்டினார். பத்மா எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளும் தட்டினாள். எனக்கு அந்தச் சத்தம்தான் பொறுக்கவில்லை. எழும்பி நேரே சேரிடம் போனேன்.

“சேர், அது பிழை வேலை. பத்மா முதலே சொன்னவள், நான் கேக்கேல்லை. பூவும் அவள் போட்டதுதான். சோத்துக் கிண்ணத்தால.”

சேர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “பாத்தியளோ! எவ்வளவு அடக்கம் பாத்தியளோ! இதைத்தான் இந்தக் காலத்துப் பிள்ளையள் பழகவேணும்.”

முதல் தடவையைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது பத்மாவிடம், “நான் சொன்னனான், அவர் கேக்கேல்லை” என்றேன்.

“எனக்குப் பழக்கம்தானே அக்கா” என்றாள்.



6. பூ இல்லாத வீடு

அதன் பிறகு எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. எல்லோருக்கும் “அந்த முட்டுற டிசைன்” வேண்டும். தெரியாமல் விட்ட பிழையை இனி அளந்து விடவேண்டியிருந்தது. நானாவும் தன் புது வீட்டு முன்சுவரில் கேட்டார். “எங்கட வாப்பான்ர வீட்டிலயும் நடுவில பூ இருந்ததெல்லோ” என்றார். அதற்கும் ஓம் என்றேன். ஆனால் யாரோடு வேலை பேசினாலும் பூ பத்மாவின் வேலை என்று சொல்லிவிடுவேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, நீங்கள் எப்போது வருவீர்கள் அக்கா என்று என்னைத்தான் கேட்பார்கள்.

போன வருடம் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். முன் அறைக் கரையைப் பத்மாவிடமே விட்டேன். அவள் முதலில் நான்கு சுவரையும் அளந்தாள். ஒவ்வொரு மூலையிலும் முழுக் கொக்கியே வரும்படி அச்சைப் புதிதாக வெட்டுவித்தாள். ஓரிடத்தில் தொடங்கி, ஒரே பக்கமாகப் போய், தொடங்கிய இடத்திலேயே முடித்தாள். எங்கே தொடங்கினாள் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகத் திறமான கரை அதுதான்.

வீடு குடிபூரலுக்குச் சேர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“குறை நினைக்காதை பிள்ளை. நடுவில பூ விடுபட்டுப் போச்சு. நீ நிண்டு பாக்கேல்லையோ? ஆர் செய்தது?”

“பத்மா சேர். முழுக்க அவள்தான் செய்தவள்” என்று பெரிய சத்தமாகவே சொன்னேன்.

“அதுதானே பாத்தன்” என்றார் சேர்.

பத்மா எங்களுக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். “சீனி காணுமோ சேர்?” என்று கேட்டாள்.

இப்போது கரண்டி பிடிக்க வருகிற பிள்ளைகளுக்கு இரண்டே விடயம்தான் சொல்வேன். அச்சை ஒருபோதும் புரட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவள் ஏதாவது சொன்னால், அந்த நிமிடமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பிழையைக் கொத்தி எடுக்கலாம். அதற்குக் கிடைத்த பாராட்டை எடுத்து உரியவளிடம் கொடுக்க, நானும் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.